போலீஸ் எடுக்காத வழக்கை நாமே நடத்தலாமா? தனிநபர் புகார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“இது சிவில் மேட்டர், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்” என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். சரி, கோர்ட்டுக்கே போனால் அங்கே என்ன கேட்கலாம்? பணத்தை மட்டும்தானா, ஏமாற்றியவரைத் தண்டிக்கச் சொல்லியும் கேட்கலாமா? இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் வைத்து இங்கே பதில் சொல்கிறேன். பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி இருக்கும். வக்கீல்கள் வாயில் இன்னும் அதற்கு முந்தைய நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. எண்களே வருவதால் தேவையான இடத்தில் அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

பாதிக்கப்பட்டவரே குற்றவாளி மீது கிரிமினல் வழக்குத் தொடர முடியுமா?

முடியும். ஒரு குற்றம் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வர 210-ஆவது பிரிவு மூன்று வழி சொல்கிறது: போலீஸ் அறிக்கை, தனிநபர் கொடுக்கும் புகார், மாஜிஸ்திரேட்டுக்கு வேறு வகையில் கிடைக்கும் தகவல். போலீஸ் அந்த மூன்றில் ஒன்றுதான். தனிநபர் நேரடியாக மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கும் புகாருக்கான நடைமுறை 223-ஆவது பிரிவில் தொடங்குகிறது. பழைய சட்டத்தில் இது 200. கோர்ட் வளாகத்தில் இதைத் ‘தனிநபர் புகார்’, ‘தனியார் புகார்’, ‘பிரைவேட் கம்ப்ளைண்ட்’ என்று பல பெயரில் சொல்வார்கள்.

ஆனால் ‘முடியும்’ என்பதையும் ‘போடுவது நல்லது’ என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தனிநபர் புகாரில் போலீஸ் செய்யும் வேலை முழுவதும் உங்கள் தலையில் விழும். சாட்சியைத் தேடுவதும் ஆவணம் திரட்டுவதும் சம்மன் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் நீங்கள்தான். போலீஸுக்கு இருக்கும் அதிகாரமோ உங்களுக்குக் கிடையாது. அதனால் என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: குற்றத்தை நிரூபிக்கும் ஆதாரம் இப்போது யார் கையில் இருக்கிறது?

கிரிமினல் வழக்கை அரசுதான் நடத்தும் என்கிறார்களே?

போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த வழக்கில் அது சரி. அங்கே அரசு வழக்கறிஞர் நடத்துவார், பாதிக்கப்பட்டவர் ஒரு சாட்சி. தனிநபர் புகாரில், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விசாரிக்கக்கூடிய குற்றமாக இருந்தால், புகார்தாரரின் வக்கீலே வழக்கை நடத்துவார். செக் வழக்குகளில் தினமும் நடப்பது இதுதான். உதவி அரசு வழக்கறிஞர் (ஏ.பி.பி.) அதில் தலையிட மாட்டார்.

பாதிக்கப்பட்டவர்தான் புகார் கொடுக்க வேண்டுமா?

பெரும்பாலான குற்றங்களில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். குற்றவியல் சட்டத்தை யாரும் இயக்கலாம் என்பதை 1984-ல் அந்துலே வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொன்னது. அந்துலே மகாராஷ்டிர முதல்வராக இருந்தவர். அவர் மீது ஊழல் புகார் கொடுத்தவர் ஒரு தனி மனிதர்.

நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் வேறு. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கின் தொடக்கம் 1996 ஜூன் 14-ல் சுப்பிரமணியன் சுவாமி சென்னை முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் கொடுத்த புகார். நீதிமன்றம் அதன்பேரில் போலீஸ் விசாரணைக்கு உத்தரவிட்டது, அதிலிருந்துதான் வழக்கு வளர்ந்தது. பின்னர் தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனதால் 2003-ல் விசாரணை தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகத்துக்கு மாறியது. 2015-ல் மேல்முறையீட்டின்போது அவர் எழுத்துமூலம் வாதம் வைக்கவும் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2014-ல் தண்டனை, 2015-ல் விடுதலை, 2017 பிப்ரவரி 14-ல் மீண்டும் தண்டனை உறுதி என்று போன அந்த வழக்கின் முதல் தாள் ஒரு தனிநபர் கொடுத்ததுதான்.

விதிவிலக்குகள் உண்டு. அவதூறு வழக்கை அவதூறுக்கு ஆளானவர்தான் போட முடியும். இரண்டாம் திருமணம் போன்ற திருமணம் சார்ந்த குற்றங்களிலும் பாதிக்கப்பட்ட துணையோ, அவர் சார்பில் சட்டம் அனுமதிக்கும் நெருங்கிய உறவினரோதான் வர வேண்டும். நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி சொன்னது போன்ற குற்றங்களில் உங்களால் நேரடியாகப் புகார் கொடுக்கவே முடியாது, சம்பந்தப்பட்ட நீதிமன்றம்தான் கொடுக்க வேண்டும்.

ஸ்டேஷனுக்குப் போகாமல் நேரே கோர்ட்டுக்குப் போகலாமா?

223-இன் கீழ் தனிநபர் புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போயிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் ‘எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி உத்தரவிடுங்கள்’ என்று 175(3)-இன் கீழ் கேட்பதாக இருந்தால் படிகள் உண்டு. முதலில் ஸ்டேஷனில் புகார். அங்கே பதிவு செய்யாவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமானால் ஆணையர் அலுவலகத்துக்கு, எழுத்தில் தபால். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட். மனுவோடு பிரமாணப் பத்திரமும் வைக்க வேண்டும். 2015-ல் பிரியங்கா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வற்புறுத்தியது, இப்போது சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இருக்கட்டும் என்பதுதான் காரணம்.

தபாலைப் பதிவு வசதியோடு, ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நல்ல வழக்குகூட இந்த ஒரு காகிதம் இல்லாமல் முதல் நாளே திரும்பி வந்துவிடும்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். கொடுத்திருக்கிறார்கள். அது போதாதா?

போதாது. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் புகார் ஸ்டேஷனுக்கு வந்தது என்பதற்கான ரசீது. அதை வைத்து யாரையும் கோர்ட்டில் நிறுத்த முடியாது. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கி அனுப்பிவிடுவது சி.எஸ்.ஆரோடு முடிந்துபோகும் கதை.

போலீஸ் தானாகவே வழக்குப் பதிவு செய்யக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. புதிய சட்டம் இதில் ஒரு சின்னக் கதவைத் திறந்துவிட்டது: மூன்று ஆண்டுக்குக் குறையாமலும் ஏழு ஆண்டுக்கு உட்பட்டும் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கலாம். 14 நாள் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பெண்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் போன்ற சிலவற்றில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே பி.என்.எஸ். (குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் புதிய சட்டம்) 199-இன்படி ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

175(3), 223 – இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். முதலாவது, போலீஸை வேலை செய்ய வைக்கும் வழி. இரண்டாவது, போலீஸ் இல்லாமல் நீங்களே செய்யும் வழி.

உங்கள் வீட்டில் நகை திருடு போயிருக்கிறது, பக்கத்துத் தெருக்காரர் மேல் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். கைரேகை எடுக்க வேண்டும், அடகுக் கடைகளில் தேட வேண்டும், செல்போன் டவர் விவரம் வாங்க வேண்டும், ஆளைப் பிடித்து விசாரிக்க வேண்டும். இதில் எதுவும் உங்களால் முடியாது. இங்கே 223-இல் புகார் கொடுத்தால் சாட்சிக் கூண்டில் நின்று “சந்தேகமாக இருக்கிறது” என்றுதான் சொல்ல வேண்டிவரும். 175(3)தான் உங்கள் வழி.

மாறாக, ஒருவர் உங்கள் கையெழுத்தைப் போட்டுப் பத்திரம் பதிவு செய்திருக்கிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கிறது. அந்தத் தேதியில் நீங்கள் துபாயில் இருந்ததைப் பாஸ்போர்ட் முத்திரை சொல்கிறது. இங்கே ஆதாரம் பாதிக்கு மேல் உங்கள் கையில் இருக்கிறது. போலீஸ் அசையாவிட்டாலும் 223-இல் நீங்கள் நடத்திவிடலாம். மூல ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லி 94-ஆவது பிரிவில் நீதிமன்றத்தைக் கேட்கவும் வழி இருக்கிறது.

175(3) மனு போட்டாலும் எஃப்.ஐ.ஆர். உத்தரவு வந்தே தீரும் என்பதில்லை. போலீஸ் தரப்பு என்ன சொல்கிறது என்பதை மாஜிஸ்திரேட் இப்போது கேட்டாக வேண்டும். “இதற்குப் போலீஸ் தேவையில்லை, நீங்களே சாட்சியைக் கொண்டு வாருங்கள்” என்று மனுவைத் தனிநபர் புகாராக மாற்றிக்கொள்ளவும் செய்வார்கள். இன்னொன்று, 223-இல் கோர்ட் ஒருமுறை வழக்கைக் கையில் எடுத்துவிட்டால் திரும்பவும் 175(3)-க்குப் போக முடியாது. அதற்குப் பிறகு 225-இல் ஒரு வரையறுக்கப்பட்ட விசாரணைதான் கேட்க முடியும். அதில் கைது நடவடிக்கையை எதிர்பார்க்காதீர்கள்.

உயர் நீதிமன்றத்துக்கு நேரே போய் ‘எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள்’ என்று கேட்பது ஒரு காலத்தில் இங்கே பெரிய பழக்கம். மாஜிஸ்திரேட்டிடம் வழி இருக்கும்போது ஏன் இங்கே வருகிறீர்கள் என்று 2007-லேயே சாகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டுவிட்டது. ஆனால் அரசு இயந்திரமே எதிர்த் தரப்பாக நிற்கும்போது உயர் நீதிமன்றத்தை விட்டால் வழியில்லை. 1992 வாச்சாத்தி வன்முறையில் சி.பி.ஐ. விசாரணை வந்தது உயர் நீதிமன்ற உத்தரவால்தான். 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது.

தனிநபர் புகார் கொடுத்தால் என்னென்ன நடக்கும்?

குற்றம் நடந்த இடத்துக்கு அதிகாரம் உள்ள நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் புகார், சாட்சிப் பட்டியல், ஆவணங்களோடு தாக்கல் செய்வீர்கள். மாஜிஸ்திரேட் உங்களையும், வந்திருக்கும் சாட்சிகளையும் பிரமாணத்தின் பேரில் விசாரித்து எழுதிக் கையெழுத்து வாங்குவார். இதில் சொல்வதும் பின்னால் குறுக்கு விசாரணையில் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். வழக்குகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். அவசரத்தில் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொன்னது இரண்டு வருடம் கழித்து வந்து நிற்கும்.

2024-க்குப் பின் வந்த பெரிய மாற்றம், வழக்கைக் கோப்புக்கு எடுக்கும் முன்பே எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, நோட்டீஸ் அனுப்பி அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது. முன்பு சம்மன் வரும்வரை எதிரிக்கு இதில் குரலே கிடையாது. இது நல்லதா கெட்டதா? பழிவாங்கப் போடும் புகார்கள் வாசலிலேயே நிற்கும் என்பது நல்லது. சம்மனுக்கு முன்பே ஒரு சுற்று வாய்தா கூடிவிட்டது என்பது புகார்தாரருக்குக் கெட்டது. செக் வழக்குகளுக்கு இந்த முன் விசாரணை வேண்டியதில்லை என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்து, போதிய முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எதிரி அந்த நீதிமன்ற எல்லைக்கு வெளியே வசிப்பவர் என்றால் சம்மனுக்கு முன் கூடுதல் விசாரணை கட்டாயம். முகாந்திரம் இல்லையென்றால் காரணம் எழுதித் தள்ளுபடி. இருந்தால் வழக்கு நம்பர் ஆகும், சம்மன் போகும். வராவிட்டால் பிடியாணை.

இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றமாக இருந்தால் இன்னொரு கட்டமும் உண்டு. குற்றச்சாட்டு வனைவதற்கு (எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று கோர்ட் முறைப்படி எழுதுவதற்கு) முன்பே உங்கள் சாட்சிகளை ஒருமுறை விசாரித்து, அது நிற்கும் என்று தோன்றினால்தான் குற்றச்சாட்டு வனைவார்கள். பிறகு அதே சாட்சிகளை எதிரித் தரப்பு மறுபடி அழைத்துக் குறுக்கு விசாரணை செய்யலாம். போலீஸ் வழக்கில் இது கிடையாது. சாட்சியாக வரும் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாவது தடவை கூப்பிடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது இதனால்தான்.

இடையில் எதிரி உயர் நீதிமன்றம் போய் 528-இல் வழக்கை ரத்து செய்யச் சொல்லலாம். சென்னையிலோ மதுரைக் கிளையிலோ தடையாணை கிடைத்தால் உங்கள் வழக்கு அங்கேயே நிற்கும். அதற்கும் ஒரு வக்கீல் செலவை முன்கூட்டியே மனதில் வையுங்கள்.

என்ன ஆதாரங்களைத் திரட்டி வைக்க வேண்டும்?

அடிதடியானால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டில் காயத்தைப் பதிவு செய்வது) போடுங்கள். “எப்படிக் காயம்?” என்று டாக்டர் கேட்கும்போது யார், எதால், எங்கே என்று சொல்லுங்கள். அங்கே எழுதுவதற்கு இருக்கும் மதிப்பு பின்னால் டைப் செய்த புகாருக்கு இருக்காது. “கீழே விழுந்துவிட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்து வழக்குப் போட்டவர்கள் உண்டு. வாட்ஸ்அப் உரையாடல், சி.சி.டி.வி. பதிவு, ஆடியோ எதுவானாலும் புதிய சாட்சியச் சட்டம் 63(4)-இன்படி சான்றிதழ் வேண்டும். பழைய 65-பி சான்றிதழின் வாரிசு இது. ஸ்கிரீன்ஷாட்டை பிரிண்ட் எடுத்து நீட்டுவது போதாது. போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள்.

கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற வழக்குகளையும் இப்படி நடத்த முடியுமா?

தொடங்க முடியும், உங்கள் வக்கீலே கடைசிவரை நடத்த முடியாது. அமர்வு நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கக்கூடிய குற்றத்தில், மாஜிஸ்திரேட் உங்கள் சாட்சிகள் அனைவரையும் விசாரித்துவிட்டு வழக்கை அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்புவார். அங்கே நடத்துபவர் அரசு வழக்கறிஞர்தான் என்று 248-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் வக்கீல் அவருக்கு உதவலாம், சாட்சியம் முடிந்ததும் அனுமதியோடு எழுத்துமூல வாதம் தரலாம். எழுந்து நின்று குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று ரேகா முராரகா வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு இந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. அரசு வழக்கறிஞர் சோர்ந்துபோயிருக்கும் கோர்ட்டில் உதவி என்பது குறிப்புச் சீட்டு நீட்டுவதோடு நின்றுவிடுகிறது. ஆனால் சட்டம் இப்போது அதுதான்.

வேறு வழி, அரசு வழக்கறிஞரையே மாற்றக் கேட்பது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞர் ஒருவரை அமர்த்த மாவட்ட ஆட்சியருக்கு 1995 விதிகளிலேயே அதிகாரம் உண்டு. கோகுல்ராஜ் கொலை வழக்கில் தாயார் உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடியதால் விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. சிறப்பு அரசு வழக்கறிஞராக ப.பா. மோகன் நடத்தினார். 2022 மார்ச்சில் யுவராஜ் உட்பட பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. இந்த வழக்கில் தனிநபர் புகார் எதுவும் இல்லை. ஆனாலும் வழக்கை யார் நடத்துகிறார் என்பதைப் பாதிக்கப்பட்டவர் எந்த அளவு தீர்மானிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

போலீஸ் வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கிறது. அதில் என் வக்கீல் பேசலாமா?

இங்கே கொஞ்சம் இடம் அதிகம். 339-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட் அனுமதி கொடுத்தால் உங்கள் வக்கீலே வழக்கை நடத்தலாம். அனுமதிக்கு மனுப் போட வேண்டும், ஏன் வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும். ஜாமீன் விசாரணை உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று லக்கீம்பூர் கேரி வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லி, அதைச் செய்யாமல் கொடுத்த ஜாமீனை ரத்தும் செய்தது. புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று போலீஸ் 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு வழக்கைத் திரும்பப் பெற விரும்பினாலும் உங்களைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது. கடைசி இரண்டும் புதிய சட்டத்தில் வந்தவை.

எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு ‘பொருண்மைத் தவறு’ (புகாரில் சொன்னபடி குற்றம் நடக்கவில்லை) என்று மூடிவிட்டார்கள். இனி?

போலீஸின் அந்த முடிவை மாஜிஸ்திரேட் ஏற்கும் முன் புகார்தாரருக்கு நோட்டீஸ் தர வேண்டும் என்பது 1985-லிருந்தே சட்டம். வழக்கை மூடுவதாகச் சொல்லி வீட்டுக்கு வரும் ஆர்.சி.எஸ். நோட்டீஸில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எதிர்ப்பு மனு தாக்கல் செய்யுங்கள். மாஜிஸ்திரேட் மேல்விசாரணைக்கு உத்தரவிடலாம், போலீஸ் முடிவை ஒதுக்கிவிட்டு வழக்கைத் தானே எடுக்கலாம், அல்லது உங்கள் எதிர்ப்பு மனுவைத் தனிநபர் புகாராகவே நடத்தலாம். மூன்றாவதில் போலீஸ் கோப்பில் இருக்கும் சாட்சி வாக்குமூலங்களும் உங்கள் கைக்கு ஒரு வரைபடமாகக் கிடைத்துவிடும்.

செக் திரும்பிய வழக்கும் இதே வகைதானா?

ஆம், நாட்டில் மிக அதிகமாக நடக்கும் தனிநபர் புகார் இதுதான். இதன் கணக்கு தவறினால் வழக்கே போச்சு: செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தபின் 15 நாள் அவகாசம், அதுவும் முடிந்தபின் ஒரு மாதத்துக்குள் புகார். செக்கைக் கணக்கில் போட்டிருந்தால், உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை உள்ள ஊரின் கோர்ட்டில் போட வேண்டும். தண்டனை இரண்டு ஆண்டு வரை, அல்லது செக் தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடக்கும்போதே தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கலாம். வாக்குமூலத்துக்குப் பதில் பிரமாணப் பத்திரமே போதும்.

யூடியூபில் என்னைத் திட்டியவர் மீது?

அவதூறு என்றால் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது, தனிநபர் புகார் ஒன்றே வழி. தண்டனை இரண்டு ஆண்டு வரை. சின்ன வழக்கு என்று நினைக்க வேண்டாம். 2019 தேர்தல் பேச்சுக்காக ராகுல் காந்தி மீது சூரத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் போட்டது தனிநபர் புகார்தான். 2023 மார்ச்சில் அதில் வந்த தண்டனையால் எம்.பி. பதவியே போனது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது.

டாக்டர் மீதும் அரசு அதிகாரி மீதும் போடலாமா?

டாக்டர் மீது அலட்சியம் என்று போட்டால், வேறொரு தகுதியான டாக்டரின் கருத்து இல்லாமல் கோர்ட் ஏற்காது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு வைத்த நிபந்தனை அது. அரசு ஊழியர் தன் பணியைச் செய்யும்போது நடந்ததாகச் சொன்னால் அரசின் முன் அனுமதி வேண்டும். கேட்டால் 120 நாளில் முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்று புதிய 218-இல் சேர்த்திருக்கிறார்கள். லாக்கப்பில் அடிப்பது பணி ஆகுமா என்பது ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக நடக்கும் சண்டை.

எத்தனை நாளுக்குள் போட வேண்டும்?

அபராதம் மட்டும் உள்ள குற்றத்துக்கு ஆறு மாதம். ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு. ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை என்றால் மூன்றாண்டு. அதற்கு மேற்பட்ட குற்றங்களுக்கு வரம்பு இல்லை. கோர்ட் எப்போது கையில் எடுத்தது என்று பார்க்க மாட்டார்கள், நீங்கள் தாக்கல் செய்த நாள்தான் கணக்கு. 2013-ல் சாரா மேத்யூ வழக்கில் தீர்ந்த விஷயம் இது.

எவ்வளவு செலவாகும்?

கோர்ட் கட்டணம் பெரிதில்லை. செலவு வக்கீல் ஃபீஸ், நகல்கள், போக்குவரத்து, வேலைக்குப் போகாத நாட்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் கிடைப்பார். ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்திலும் உள்ள சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். வக்கீலே இல்லாமல் நீங்களே நடத்தவும் தடை இல்லை. செக் வழக்கில் சிலர் செய்கிறார்கள், குறுக்கு விசாரணை வந்ததும் வக்கீலைத் தேடுகிறார்கள்.

ஒரு வாய்தாவுக்குப் போகாவிட்டால் என்ன?

இரண்டு ஆண்டும் அதற்குட்பட்டும் தண்டனை உள்ள வழக்கில் புகார்தாரர் வராமல், 30 நாள் அவகாசம் கொடுத்தும் வராவிட்டால், எதிரியை விடுதலை செய்ய 279-இல் இடமிருக்கிறது. எதிரி பத்து முறை வராவிட்டால் பிடியாணை, நீங்கள் வராவிட்டால் வழக்கே காலி. வக்கீல் ஆஜராகிறார் என்பதால் மாஜிஸ்திரேட் விட்டுக்கொடுப்பதும் உண்டு. அதை நம்பி இருக்காதீர்கள்.

தோற்றால் என் மீது திரும்புமா?

நிரூபிக்க முடியாமல் தோற்பது வேறு, பொய் என்று தெரிந்தே போடுவது வேறு. முதலாவதற்குத் தண்டனை இல்லை. நியாயமான காரணமே இல்லாமல் போட்டது என்று கோர்ட் கருதினால் 273-இல் எதிரிக்கு இழப்பீடு கட்டச் சொல்லலாம். தெரிந்தே பொய்க் குற்றம் சாட்டுவது பி.என்.எஸ். 248-இல் தனிக் குற்றம். சொத்துத் தகராறில் அண்ணனைப் பணியவைக்கக் கிரிமினல் வழக்கை ஆயுதமாக எடுப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

எதிரி விடுதலை ஆகிவிட்டால் மேல்முறையீடு உண்டா?

உண்டு. 413-ஆவது பிரிவில் பாதிக்கப்பட்டவருக்கே மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது, அதற்கு உயர் நீதிமன்றத்தின் தனி அனுமதி வேண்டாம் என்று 2018-ல் மல்லிகார்ஜுன் கோடகளி வழக்கில் தீர்ந்தது. செக் வழக்கின் புகார்தாரரும் பாதிக்கப்பட்டவரே என்று 2025-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் அவர் அமர்வு நீதிமன்றத்திலேயே மேல்முறையீடு செய்யலாம்.

மேல்முறையீட்டிலும் தோற்றால் அவ்வளவுதான். ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டாம் முறை விசாரிக்க முடியாது. பிற்பாடு புது ஆதாரம் கிடைத்தாலும் பயனில்லை. அவசரப்பட்டுப் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம். லண்டனில் 1993-ல் இனவெறியில் கொல்லப்பட்ட ஸ்டீபன் லாரன்ஸின் பெற்றோருக்கு நேர்ந்தது இது. அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டதால் அவர்களே தனியாக வழக்குத் தொடுத்தார்கள். 1996-ல் ஆதாரம் போதாமல் மூன்று பேர் விடுதலை. பிறகு அந்நாட்டுச் சட்டத்தையே 2003-ல் திருத்தி, புது ஆதாரம் இருந்தால் கடும் குற்றங்களில் மறு விசாரணை செய்யலாம் என்று வழிசெய்தார்கள். அதன்பின் 2012-ல்தான் அந்த மூவரில் ஒருவருக்கும் வேறொருவருக்கும் தண்டனை கிடைத்தது. இந்தியாவில் அப்படி ஒரு திருத்தம் இல்லை.

மற்ற நாடுகளில் எப்படி?

இங்கிலாந்தில் இந்த உரிமை 1985 சட்டத்தின் 6-ஆவது பிரிவில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அரசுத் தரப்பு எந்த நேரமும் வழக்கைத் தன் கையில் எடுத்து, வேண்டுமானால் நிறுத்தியும் விடலாம். அங்கே இந்த உரிமையை நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன, அதன் விபரீதத்தையும் பார்த்தார்கள். தபால் நிறுவனம் தன் ஹொரைசன் கணினி காட்டிய தப்புக் கணக்கை நம்பி நூற்றுக்கணக்கான கிளை அஞ்சல் நடத்துநர்களைத் தானே வழக்குப் போட்டுத் தண்டனைக்கு உள்ளாக்கியது. 2024-ல் தனிச் சட்டம் போட்டு அவற்றை ரத்து செய்ய வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவன், புலன் விசாரிப்பவன், வழக்கு நடத்துபவன் மூவரும் ஒருவனே என்றால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். அமெரிக்காவில் மத்திய அரசு நீதிமன்றங்களில் தனியார் வழக்குத் தொடர இடமில்லை. இலங்கையில் 1979-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் தனியார் நேரடியாக முறைப்பாடு தாக்கல் செய்யலாம்.

நடுவில் சமாதானமாகிவிட்டால்?

அடிதடி, அவதூறு, ஏமாற்று போன்றவற்றை 359-இன்படி, சிலவற்றில் கோர்ட் அனுமதியோடு, முடித்துக்கொள்ளலாம். செக் வழக்கு எந்தக் கட்டத்திலும் சமரசமாகலாம், மக்கள் நீதிமன்றத்தில் முடிப்பவர்கள் நிறைய. பணம் கைக்கு வந்து, வங்கியில் ஏறியதைப் பார்த்தபிறகு கையெழுத்துப் போடுங்கள்.

புகார் கொடுத்தவர் வழக்கு முடியும் முன் இறந்துவிட்டால்?

வழக்கு தானாகச் சாகாது. 1967-லேயே அஷ்வின் நானுபாய் வியாஸ் வழக்கில், இறந்த புகார்தாரரின் தாய் தொடர்ந்து நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. வாரிசு தாமதிக்காமல் மனுப் போட வேண்டும். அடுத்த வாய்தாவிலேயே போட்டுவிட்டால் நல்லது, ஏனென்றால் முன்பே சொன்ன 279-ஆவது பிரிவு புகார்தாரர் இறந்துபோவதற்கும் பொருந்தும்.